கரி வண்டிக்குப் பின்னால்

மனிதனுக்கு நிறைவு எதில் இருக்கிறது என்று சொல்லும் புத்தகங்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். அது எங்கே இருந்தாலும் எங்கள் செஞ்சியில் இல்லை என்பதுதான் எனக்குப் புரிந்த சாரம். கடைசியில் அது திண்டிவனம் போகும் ஓர் ஓட்டை பஸ்ஸின் பின்புறத்தில் கிடைத்தது. கிடைத்த நேரம்தான் சரியில்லை. என் அண்ணன் அப்போது திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

யுத்த காலம். பெட்ரோல் எல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கிளீனர் ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதுவான். கிளம்பும் புகைதான் எஞ்சினுக்கு ஆகாரம். சமதரையில் வண்டி போகும். மேடு வந்தால் யோசிக்கும். யோசித்துவிட்டு நின்றுவிடும். நான் பாடம் நடத்திய ஐந்தாம் வகுப்பு மாதிரிதான். அப்புறம் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்.

அண்ணனுக்கு வயிற்றில் கட்டி. அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன், நாற்பத்தைந்து வயதிலும் குடும்பத்துக்குக் குழந்தையாக இருந்து. ஏர் அவர் பிடித்தார், புத்தகம் நான் பிடித்தேன். கிணறு வெட்டியது, கூரை மாற்றியது, எனக்குப் பெண் பார்த்தது எல்லாம் அவர். வாழ்க்கையின் அர்த்தத்தை மட்டும் என் பொறுப்பில் விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. சனிக்கிழமைதோறும் என் மனைவி விடியலில் ரசம் சாதம் கரைத்துத் தூக்கு வாளியில் தருவாள். ஏழு மணிக்கு ஒரு பஸ் உண்டு. அதற்கு எப்படியோ பெட்ரோல் கிடைத்துக்கொண்டிருந்தது. எப்படி என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. அதில் போனால் சாதம் சூடு ஆறுவதற்குள் அண்ணனிடம் போய்விடலாம். முதல் சனிக்கிழமை அதைத் தவறவிட்டு, பத்து மணிக் கரி வண்டியில் ஏறினேன்.

ஊர் தாண்டிய முதல் மேட்டிலேயே வண்டி நின்றது.

"எறங்கு, எறங்கு! வாத்தியாரே, உனுக்குத் தனியா சொல்லணுமா?" என்றார் கண்டக்டர்.

இறங்கினேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விற்கும் அவலூர்பேட்டை வியாபாரி ஒருவர், மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்த் திரும்பும் கூட்டம், கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு கிறிஸ்தவ அம்மாள், எல்லோரும் பின்னால் கை வைத்தோம். வியாபாரி வைத்த கை தகரத்தில் பட்டும் படாமலும் இருந்தது.

"யோவ், தள்ள சொன்னா ஆசீர்வாதம் பண்ணிகினு இருக்கிற?" என்றான் கிளீனர்.

"மாதாவே!" என்று தள்ளினார் அந்த அம்மாள். வண்டி அசையவில்லை. "அங்காளம்மா!" என்றது அமாவாசைக் கூட்டம். அசையவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டதும் ஓர் உறுமல், முகமெல்லாம் கரிப்புகை, வண்டி நகர்ந்தது.

நகர்ந்தது! வருஷக்கணக்கில் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். என் கைபட்டு ஒன்று நகர்ந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எல்லோரும் ஓடிப்போய் ஏறினோம். வியாபாரி அவித்த மல்லாட்டையை மடியிலிருந்து எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். தோலை உரித்துத் தின்றுகொண்டு, யாரோ சொன்னதற்குக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தபோது, மடியிலிருந்த தூக்கு வாளி முழங்காலில் இடித்தது. எங்கே போகிறோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கே போய் நின்றேன். நல்ல பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தது. "ஏறு வாத்தியாரே" என்றார்கள். "போங்க, ஒருத்தர் வரணும்" என்றேன். யாரும் வரவேண்டியதில்லை. பத்து மணி வரை சூடான சாதத்தை வைத்துக்கொண்டு காத்திருந்து, மேட்டில் நிற்கப்போகும் வண்டியில் ஏறினேன். அன்று வண்டி தாராளமாகவே நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது.

வாசலிலேயே அண்ணி நின்றிருந்தார். "இப்பத்தான் வறீங்களா தம்பி? காலையிலேர்ந்து ஒண்ணும் வாணாம்ட்டாரு. தம்பி சோறு எடுத்தாருவான்னு கதவையே பாத்துகினு இருக்குறாரு. காலை வண்டியில வரக்கூடாதா?"

"எடம் கெடைக்கல அண்ணி."

அண்ணன் என்னைப் பார்த்தார். "இன்னாடா, மூஞ்சியில கரியால நாமம் போட்டுகினு வந்திருக்க?"

பஸ்ஸைத் தள்ளியதைச் சொன்னேன்.

"நீயா? நீ தள்ளியா நவுந்துச்சு?"

போன வாரம் சொல்லாமல் விட்ட, மாதாவும் அங்காளம்மாவும் சேர்ந்து மேடேற்றிய கதையையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவரைச் சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று அண்ணி தடுத்தார். ஆறிப்போன சாதத்தை அண்ணன் முழுக்கச் சாப்பிட்டார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு வாராவாரம் கரி வண்டிதான். அண்ணனுக்குக் கதை வேண்டும், அதற்காகத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நிறையப் படித்ததில் ஒரு லாபம் உண்டு: செய்த காரியத்துக்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. சூடான சாதம் வேண்டுமா, கதை வேண்டுமா என்று அண்ணனை நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் எதைச் சொல்வார் என்ற பயம்தான்.

ஒருநாள் டாக்டர் எங்களை வெளியே அழைத்து, "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பிடித்ததைக் கொடுங்கள்" என்றார். எங்களுக்குப் புரிந்தது. வைக்கோல் பரப்பிய கூண்டு வண்டி வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணி. அண்ணன் தலையை ஆட்டினார்.

"கரி வண்டியிலதான் வருவேன்."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஆசைப்படறாரே அண்ணி" என்றேன்.

முன் சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்தோம். எங்கள் மலைகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் மேட்டில், வழக்கம்போல வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினோம். "நீங்க இருங்கம்மா" என்றார் கண்டக்டர் அண்ணியிடம்.

"அவளும் எறங்கட்டும். அவ எறங்கினாலே பாதி மேடு ஏறிடும்" என்றார் அண்ணன்.

"உயிரு போற நேரத்துலயும் வாய் போவல பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு இறங்கிய அண்ணி, தான் சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு விறுவிறுவென்று பின்னால் வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பக்கத்தில் கை வைத்தார்.

முன் ஜன்னலிலிருந்து அண்ணனின் தலை எட்டிப் பார்த்தது. "வாத்தியாரு தள்றானா, பாடம் நடத்துறானா?"

கூட்டம் சிரித்தது. வண்டி உறுமியது, புகை அடித்தது, நகர்ந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோபம் இல்லை. வெகுநாளாகத் தேடிய சாமான் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

"எடம் கெடைக்கலன்னது இதுக்குத்தானா தம்பி?"

நான் முகத்துக் கரியைத் துடைக்கப் பார்த்தேன்.

"பசியோட உக்காந்திருப்பாரு" என்றார். அவ்வளவுதான்.

"இன்னா அங்க பேச்சு? வண்டி போவுது, ஓடியாங்க!" என்று முன்னாலிருந்து அண்ணன் கத்தினார். அந்தக் குரல் இன்னும் அவரிடம் மிச்சம் இருந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. ஓடினோம். நெற்றியெல்லாம் கரியோடு, ஒரு கையில் புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடிய அண்ணி, நடுவில் என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டார். சிரித்த உடனே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். வாராவாரம் ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழையும்போது என் கையும் அப்படித்தான் வாயிலிருந்த சிரிப்பைத் துடைக்கப் போகும்.

அண்ணன் பொங்கலுக்கு இல்லை.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்தது. இப்போது அந்த மேட்டில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. ஜனங்களுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். போகும்போதெல்லாம் என் கால்கள் மட்டும் அங்கே எழுந்திருக்கப் பார்க்கின்றன. ஒரு பஸ்ஸாவது அப்படி நிற்க வேண்டும் என்று நினைக்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. நினைக்கிறேன்.

அண்ணி எங்களோடுதான் இருக்கிறார். அந்த மேட்டைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், ரசம் சாதத்தைத் தட்டில் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்.

"ஆறிடப் போவுது தம்பி. சாப்டுங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொல்கிறார். நான் புத்தகத்தை மூடிவிட்டு, நாக்கு சுட்டாலும் உடனே சாப்பிடுகிறேன்.