சிலுவையைக் கடித்துக்கொண்டவர்

குன்னத்துகாலில் ஒரு கல்யாண மண்டபம். காலையில் தாலி கட்டிய இடத்தில் மதியத்துக்கு மேல் மெட்டல் ராக் கச்சேரி. மேடைக்கு முன்னால் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து மோதுவதுதான் ஆட்டம். காலடியில் கல்யாணத்து மல்லிகை நசுங்கிக் கிடந்தது.

அந்த ஆட்டத்தில் முன்னால் நின்றவர் கோட்டுகால் பக்கத்து மீன்பிடிக்காரர். வலை இழுத்துத் திரண்ட தோள். ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் கழுத்துச் சங்கிலியில் கிடந்த சிலுவையைப் பல்லில் கடித்துக்கொள்வார். பிறகு கூட்டத்துக்குள் பாய்வார். யார் விழுந்தாலும் அக்குளில் கைகொடுத்து, குழந்தையைப் போலத் தூக்கி நிறுத்துவார். என்னை மூன்று முறை தூக்கினார். மூன்று முறையும் நன்றி சொன்னேன். மூன்றாவது முறைதான் கவனித்தேன், என்னைத் தள்ளியதும் அதே தோள்தான்.

பாட்டு நின்றதும் கேட்டேன். "அண்ணே, நீங்கதானே என்னைத் தள்ளினது?"

சிலுவையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "பின்னே? விழுந்தவன தூக்கணும், அதாக்கும் இங்கத்த சட்டம். ஒருத்தனும் விழல்லேன்னா நான் யாரத் தூக்க, மக்கா?"

கடைசிப் பாட்டில் அவரே மல்லிகையில் வழுக்கி விழுந்தார். வாயில் சிலுவை இருந்ததால் கத்த முடியவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். யாருடைய பூட்ஸோ அந்த விரல்களின் மேல் ஏறி இறங்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு குனிந்து, அக்குளில் கைகொடுத்து, பதமாகத் தூக்கினேன்.

"தேங்க்ஸ் மக்கா," என்றார், சிலுவையை வாயிலிருந்து விட்டுவிட்டு, கண் கலங்கி.

அந்தச் சொல் இவ்வளவு இனிக்கும் என்பதை மட்டும் அவர் என்னிடம் சொல்லவில்லை.