அண்ணாச்சி கொடுத்த பஸ்மம்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தயங்கினேன். கோவில் விஷயம், பெருமாள் தப்பாக நினைப்பாரோ என்று பயம். இப்போது யோசித்தால் பெருமாளுக்கு ஒரு வருத்தமும் இருக்காது, அண்ணாச்சிக்குத்தான் இருக்கும்.

ஆரியசாலையில் எங்கள் தெருக் கோவிலுக்கு அவர்தான் கமிட்டித் தலைவர். பழைய கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் மொத்தமாக வாங்கி, உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகைகளைக் கொளுத்தித் தங்கம் பிரிக்கிற வியாபாரம். மிஞ்சிய சாம்பலைச் சாக்கில் கட்டிக் கோவிலுக்கு உபயமாக அனுப்பினார்.

"தங்கம் வெந்த சாம்பல்லா, சொர்ண பஸ்மமாக்கும்! துளசிக்குப் போடுங்க."

குப்பை என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டோம். பஸ்மம் என்றதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டோம்.

நந்தவனத்துக்குத் தண்ணீர் விடுவது என் மருமகள், மலையோரத்து வித்துரா ஊர்க்காரி. கொஞ்ச நாளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, துளசி இலையெல்லாம் வெளுத்தது. கொழுந்து சுருண்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டையாகக் கறுத்துக் கிடந்தது.

கமிட்டி கூடியது. "தீட்டோட தொட்டிருக்கா அக்கா. இனி உங்க மருமகளை உள்ள விடாதீங்க" என்றார் அண்ணாச்சி என்னிடம். ஒரு பெண்ணின் மாத விலக்கைப் பெரிய மனுஷர்கள் காபி குடித்துக்கொண்டே விசாரித்தார்கள். என்ன பக்தி, என்ன ஆசாரம்!

"சத்தியமாயிட்டு அந்த நாள்ல நான் போனதே இல்ல அத்தே" என்று அவள் அழுதாள்.

நியாயம் கேட்க அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மொட்டைமாடியில் தொட்டி தொட்டியாகக் கறிவேப்பிலை, அதே வெளுப்பு, அதே சுருட்டல். மண்ணின் மேலே அதே சாம்பல். மனைவி போய் ரொம்ப வருஷமான வீடு அது, சமையலுக்கும் ஆண்தான்.

"இங்க யாருக்கு அண்ணாச்சி தீட்டு?"

"வெயிலு ஜாஸ்தி அக்கா."

"துளசிக்குத் தீட்டு, உங்க கறிவேப்பிலைக்கு வெயிலா?"

அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

என் மகன் நந்தவனத்து மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தான். காட்மியம், ஈயம், என் வாயில் நுழையாத வேறு இரண்டு உலோகங்கள். வேரைத்தான் முதலில் கொல்லுமாம். அந்தத் துளசி போட்ட தீர்த்தத்தைத்தான் நாங்கள் பயபக்தியோடு குடித்துக்கொண்டிருந்தோம்.

கமிட்டிக்காரர்கள் மண்ணை அள்ளிக் கொண்டுபோய்விட்டுப் புது மண் போட்டார்கள். மறுபடி தண்ணீர் விட வரச்சொல்லி மருமகளுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் போகவில்லை.

"மண்ணு மாத்தியாச்சு, சரி. கமிட்டி மாத்தலையே அத்தே."

படிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கேட்க நன்றாக இருக்குமே என்று, கடைசியில் அண்ணாச்சி அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சேர்த்துவிடாதீர்கள். கேட்கவில்லை.