நாலாம் காம்பராவின் மண்

நோர்வூட்டிலிருந்து மேலேறும் பாதையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த, இடிக்காமல் விட்ட பழைய லயம் ஒன்றுதான் இப்போது எங்கள் அருங்காட்சியகம். எங்கள் டிவிசனில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவன் நான் என்பதால், பொருள்களுக்குக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்தது. செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, புல்லுச் சுரண்டி, கொழுந்துக் கூடை என்று எழுதிக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

அந்த லயத்தின் ஒற்றை அறைகளில் ஒன்றான நாலாம் காம்பராவில் குடியிருந்தவர் மீனம்மா. கொழுந்தெடுத்தே வயது போனவர். மகள் ஷாமிலா சிறு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். வயதுக்கு வராமல் போன பிள்ளை வீட்டுக்குக் கன்னிசாமி. சாணி மெழுகிய தரையின் மூலையில் அவளுக்கு விளக்கு, வருடம் தவறாமல் ஒரு புதுப் பாவாடை. மீனம்மாவுக்கு அந்த மூலைதான் பிள்ளை.

லயத்தைக் காலி செய்தபோது கீழே தனிவீடு ஒன்று கொடுத்தார்கள். சாமியை இடம் மாற்ற, அது இருந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துப் புது வீட்டில் வைக்க வேண்டும். வீட்டு வேலை முடிந்திருக்கவில்லை. மண்ணை எடுத்து அடுத்தவர் வீட்டில் வைக்கவும் கூடாது. “மண்ணு எங்க ஓடிப்போகப் போகுது?” என்று விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டார்.

வீடு குடிபோகத் தயாரானதும், தை முதல் வெள்ளி, மண்ணெடுக்க மஞ்சள் துணியும் செம்பில் தண்ணீருமாக வந்தவர் காம்பரா வாசலிலேயே நின்றுவிட்டார். தரை முழுக்கச் சீமெந்து. அதன்மேல் சாணி நிறத்தில் பெயின்ட்.

“தரைய என்னப்பா செஞ்சீங்க?”

அருங்காட்சியகக் கமிட்டிச் செயலாளர் முத்துலிங்கம் சிரித்தார். “மழைக்குச் சேறாகுதுக்கா. சுத்தமா இருந்தாத்தானே நாலு பேரு வருவாங்க? அசல் சாணி மாதிரியே இல்ல?”

“நாங்க இருந்தப்ப காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்களத்துல நின்னு தோட்டத் தொரைகிட்ட எத்தன தடவ கெஞ்சினோம். ஒரு மூட சீமெந்து குடுக்கல. ஆளில்லாத வீட்டுக்கு இப்ப போட்டிருக்கீங்க.” குரல் இறங்கியது. “பழைய மண்ணு எங்கப்பா?”

தோண்டியெடுத்து, வாகனம் திரும்பும் வளைவில் கொட்டி நிரப்பியிருந்தார்கள்.

“அந்த மூலைய மட்டும் ஒடச்சுப் பாப்போமே, ஐயா” என்றேன்.

“படிச்சவன் பேசுற பேச்சா இது? ஞாயித்துக்கிழம தெறப்பு விழா. ஒடச்சாலும் அடியில கல்லுதான்.”

மீனம்மாவை வளைவுக்குக் கூட்டிப்போனேன். மழையில் மண் குழம்பிக் கிடந்தது. லொறிச் சக்கரத் தடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளினார். கையை விரித்துப் பார்த்தார்.

“இது எந்தக் காம்பரா மண்ணு, தம்பி?”

நானும் குனிந்து சேற்றைக் கிளறிப் பார்த்தேன்.

“எல்லார் வீட்டு மண்ணும் ஒன்னாக் கெடக்கு. இதுல எம்புள்ள எங்க இருக்கா?”

மண்ணை உதறினார். பூசைக்குக் கொண்டுவந்த செம்புத் தண்ணீரில் கையைக் கழுவினார்.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் தரையைத்தான் அதிகம் மெச்சினார்கள். புது வீட்டு வேலை முடிந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் அங்கே பால் காய்ச்சவில்லை. கேட்டால், “புள்ளைய வெளிய விட்டுட்டு நான் மட்டும் எப்பிடி உள்ள போறது?” என்கிறார்.

வெள்ளிக்கிழமைகளில் காம்பராவுக்கு வருகிறார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பெயின்ட் பூசிய மூலையில் பூ வைக்கிறார். விளக்கேற்ற அனுமதியில்லை. பூட்டும் நேரத்தில் குப்பையோடு அந்தப் பூவும் போய்விடுகிறது. புது வீட்டுச் சாவி அவருடைய இடுப்பு முடிச்சிலேயே இருக்கிறது.