பீஸாக வந்த மட்டிக் குலை

நான் வக்கீல் போர்டு மாட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதைப் பார்த்து உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் வழி கேட்க வந்தவர்கள். மாமனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லியே விட்டார். "மருமகனே, சித்திரைக்குள்ள பீஸுண்ணு ஒண்ணைக் கண்ணுல காட்டும். இல்லேண்ணா போர்டைக் கழத்தி வச்சிட்டு நம்ம அரிசி மில்லுக்கு வாரும்." அந்த மில்லின் இரைச்சலில் ஒரு மணி நேரம்கூட என்னால் இருக்க முடியாது.

கையில் இருந்ததோ ஒரே வழக்கு. இரணியல்காரர் ஒருவர் பேச்சிப்பாறைக் கால்வாயில் சர்க்கார் வேலை பார்த்தபோது மதகில் வலது கை நசுங்கிப்போனது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். கை போனதற்கான பென்ஷனைத் தர சர்க்கார் மறுத்தது. "நீர் ஒண்ணும் தரவேண்டாம், என் பீஸை சர்க்காரிட்டயே வாங்கிக்கிடுதேன்" என்று வீறாப்பாகப் பேசி வழக்கை எடுத்தேன். மனிதர் கேட்டால்தானே? ஒவ்வொரு வாய்தாவுக்கும் இடது தோளில் ஒரு மட்டி வாழைக் குலையோடு வந்து நிற்பார். வேண்டாம் என்றால் முகம் சுண்டிப்போகும்.

பென்ஷன் வழக்கை ஜெயித்துவிட்டோம். என் பீஸையும் சர்க்காரே தர உத்தரவிட வேண்டும் என்று கேட்டேன். சர்க்கார் வக்கீல் துள்ளி எழுந்தார். "கட்சிக்காரர் பீஸே கொடுக்கவில்லை. கொடுக்காததை சர்க்கார் எதற்குத் திருப்பித் தர வேண்டும்?"

ஜட்ஜி என்னிடம், "பீஸ் வாங்கினீரா?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை" என்றேன். அரிசி மில்லில் கால் வைத்தாயிற்று என்றே நினைத்தேன்.

"எசமானே, வக்கீலய்யா சொல்லுதது பொய்யாக்கும்!"

பின்னாலிருந்து கத்தியவர் என் கட்சிக்காரரேதான். பாவி மனுஷன், ஜெயித்த வழக்கைக் கெடுத்துவிடுவாரோ என்று பதறித் திரும்பினேன்.

"நான் ஓசியில வழக்கு நடத்துனேம்ணு நாளைக்கு ஊருல சிரிக்க மாட்டானுவளா? பதினோரு வாய்தாவுக்குப் பதினோரு குலை குடுத்திருக்கேன். ஒத்தக் கையால வெட்டி, ஒத்தத் தோளுல சொமந்து கொண்டு வந்ததாக்கும்!"

ஜட்ஜி கண்ணாடியைக் கழற்றினார். "குலையை என்ன செய்தீர்?"

"தின்றோம்" என்றேன். "வீட்டில் எல்லோரும்."

கோர்ட்டே சிரித்தது. சர்க்கார் வக்கீலும் சிரித்துவிட்டார். "அப்படியானால் கட்சிக்காரர் தம்மால் ஆன பீஸைக் கொடுத்திருக்கிறார்" என்றார் ஜட்ஜி. "இந்த வேலைக்கு உரிய பீஸை சர்க்கார் கொடுக்கட்டும்."

சந்தோஷத்தில் எனக்குக் கோட்டுப் பொத்தானைப் போடக்கூட வரவில்லை.

மறுவாரம் மாமனார் என் அறையில் உட்கார்ந்து உத்தரவை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் அதே மனிதர் வந்து நின்றார். தோளில் குலை.

"வழக்கு தீந்தாச்சே, இனி எதுக்குவே இது?" என்றேன்.

"அது சர்க்கார் தந்த பீஸு. இது நான் தாறது."

சொல்லிவிட்டு, குலையை மேஜைமேல் இறக்கி வைத்தார். மாமனார் ஒரு பழத்தைப் பிய்த்து உரித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"போர்டு ஒருபக்கமா சாஞ்சு கெடக்கு, மருமகனே. நல்லா ஆணியடிச்சு மாட்டும்" என்றார்.