பதினெட்டு வெள்ளிக்குப் பேச ஆள் தேவை

போன புதன்கிழமை மாலை பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மேசையில் இருந்த கைத்தொலைபேசி ஒரு தடவை சிணுங்கியது. குறுந்தகவல். என் ப்ரீபெய்ட் கணக்கில் பதினெட்டு வெள்ளி மீதம் இருக்கிறதாம். இன்று நள்ளிரவோடு அது செல்லாதாம்.

கரண்டி அப்படியே கையில் நின்றுவிட்டது. பதினெட்டு வெள்ளி... ஒரு டின் பால் மாவுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.

ஒரே ப்ரீபெய்ட் கார்டை எப்படி நீட்டி ஓட்டுவது என்று இந்தப் பத்திரிகையில், இதே பக்கத்தில் நான் வீராப்பாக எழுதியது உங்களுக்கு நினைவிருக்கலாம். மஸ்ஜித் இந்தியா வட்டாரத் துணிக்கடை ஒன்றில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொன்ன மாதிரிதான் இப்ப செய்றோம்” என்றபோது கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. ஆனால் கார்டை அளவுக்கு மேல் நீட்டினால் அதன் கெடு முந்திக்கொள்ளும் என்று எனக்கே தோன்றவில்லை. அந்த அக்காவின் கணக்கில் இப்போது எவ்வளவு மீதமோ... பயமாக இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஜொகூரில் இருக்கிறார். ஷா ஆலத்தில் அவர் வேலை பார்த்த ஆலை, நம் வெள்ளி, அதாவது ரிங்கிட், மதிப்பு விழுந்த சமயத்தில் பாதி இயந்திரங்களை அங்கே கொண்டுபோனது. இயந்திரங்களோடு அவரும் போனார். அங்கே ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நாலு பேர். நானும் பத்து மாதப் பாப்பாவும் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில், மூன்றாம் மாடியில். இரண்டு வீட்டுச் செலவு. அதனால் ஒரு சங்கேதம் வைத்துக்கொண்டோம். ஒரு மணி அடித்து நின்றால், ‘நான் நலம், ஷிஃப்ட் முடிந்தது.’ இரண்டு மணி அடித்து நின்றால், ‘பஸ் ஏறிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன்.’ மூன்று என்றால் அவசரம். பொதுத் தொலைபேசிக்கு ஓட வேண்டும்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போகும்.

மாதத்தில் ஒரு தடவை இரண்டு மணி அடிக்கும். மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஒரு மணி. அது அடித்து ஓய்ந்த பிறகு வீட்டில் ஓர் அமைதி வரும் பாருங்கள்... எதிரே ரயில்வே நிலத்தில் கட்டுமானம் நடக்கிறது. நிலத்தில் தூண் இறக்கும் பைலிங் இயந்திரம் இடிக்கிற சத்தம்கூட அப்போது துணை போலத் தோன்றும்.

மீதம் எவ்வளவு என்று சொல்ல ஓர் எண் இருக்கிறது. இலவசம். ஒரு பெண் குரல் பொறுமையாக ஆங்கிலத்தில் சொல்லும், மீதத்தை மட்டும்; கெடுவைச் சொல்லாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அதைக் கூப்பிடுவேன். மீதம் தெரியாமலா கூப்பிடுகிறேன்? தெரியும். இருந்தாலும்...

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழே மளிகைக்கடைக்குப் போனேன். கார்டு வாங்கியது அங்கேதான்.

“புதுக் கார்டு போட்டா பழைய காசும் நிக்கும்லா, அக்கா” என்றார் கடைக்காரர்.

“சம்பளம் வரட்டும், அண்ணே.”

“அப்ப இன்னிக்கே பேசித் தீத்துடுங்க. பொம்பளைங்களுக்குப் பதினெட்டு வெள்ளி ஒரு காசா? பேச ஆளா இல்ல?”

சிரித்துவிட்டு மாடியேறினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு கூடவே ஏறி வந்தது.

தொலைபேசியில் பதிந்திருந்த பெயர்களைப் பார்த்தேன். கணவர். அம்மா. குழந்தை கிளினிக். கேஸ் கொண்டுவரும் கடை. இந்தப் பத்திரிகையின் அலுவலகம். அவ்வளவுதான். கேஸ் கடைக்காரரிடம் பதினெட்டு வெள்ளிக்கு என்ன பேசுவது?

முதலில் கிள்ளானில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“யாருக்கு என்ன ஆச்சு?” ஹலோகூடச் சொல்லவில்லை அம்மா.

“ஒண்ணும் ஆகலம்மா. சும்மாதான்.”

“ஹேண்ட்போன்லயா சும்மா கூப்பிடுற? பாப்பா எப்படி இருக்கா?”

“நல்லா இருக்கா. காசு இருக்கும்மா, பேசலாம்...”

“அவன் அங்க கெடந்து சம்பாதிக்கிற காசு. வை, வை. ஞாயித்துக்கிழமை வருவல்ல, அப்பப் பேசிக்கலாம்.”

வைத்துவிட்டார். இந்தச் சிக்கனத்தை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். யாரைக் குறை சொல்வது?

அடுத்து என் கணவரைக் கூப்பிட்டேன். ஒரு மணி. இரண்டு. மூன்று. நான்கு. டக்கென்று வெட்டினார். மறுபடியும் அடித்தேன். மறுபடியும் வெட்டினார். மூன்றாம் தடவையும் அப்படியே.

என் மனம் எங்கெங்கெல்லாம் போயிருக்கும் என்று கேட்காதீர்கள். கோபமா? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? ஒருவேளை, பேச விருப்பமில்லையா?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவரை ஜொகூரிலேயே நிரந்தரமாக இருக்கச் சொல்லி ஆலையில் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். முடியாது என்றால் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே வந்து வேறு வேலை தேட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக வந்திருந்தபோது என்னிடம் கேட்டார். நான், “உங்க இஷ்டம்” என்றேன். நல்ல மனைவி அப்படித்தானே சொல்வாள்? சொன்ன நாளிலிருந்து அதை மனதுக்குள் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு எங்கள் சங்கேதத்தில் மணி எதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். ஒன்று, இரண்டு, மூன்று... நிற்கவில்லை. எடுத்தேன். மழைச் சத்தமும், பொதுத் தொலைபேசியில் காசு விழும் சத்தமும்.

“என்ன ஆச்சு? பாப்பாவுக்குக் காய்ச்சலா?” அவர்தான். மூச்சு வாங்கியது.

“இல்ல. நல்லா இருக்கா.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவும் நல்லா இருக்காங்க. என் கார்டு இன்னிக்கு முடியுது. காசு மிச்சம் இருக்கு.”

இன்னொரு காசு விழும் சத்தம் கேட்டது.

“அதுக்கா நான் நனைஞ்சுகிட்டு கேன்டீன் வரைக்கும் ஓடி வந்தேன்?”

“நீங்க ஏன் வெட்டுனீங்க?”

“நீ வெட்ட மறந்துட்டேன்னு நெனச்சேன். உன் காசாவது மிஞ்சட்டும்னு. விடாம அடிக்கவும்தான் அவசரம்னு ஓடி வந்தேன்.”

“அத வைங்க. நான் ஹேண்ட்போனுக்கு அடிக்கிறேன். இந்தத் தடவை எடுங்க.”

“எடுக்குறேன்லா.”

எடுத்தார். எடுத்த பிறகு இருவருக்கும் பேச்சே வரவில்லை.

“சாப்டீங்களா?”

“ம். நீ?”

“ம்.”

மௌனத்துக்கும் நிமிஷக் கணக்கில் காசு பிடிப்பார்கள். கல்யாணமாகி மூன்று வருடமான இரண்டு பேர், பணம் கட்டிக்கொண்டு சும்மா இருந்தோம்.

பிறகு அவர்தான் ஆரம்பித்தார். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை அறைத் தோழர் பாதி காலி செய்துவிட்டாராம். கேட்டால், “கெட்டுப்போகாம காப்பாத்துனேன் பாஸ்” என்றாராம். நான் பாப்பாவுக்குப் புதுப் பல் முளைத்ததைச் சொன்னேன். பைலிங் இயந்திரம் இடிக்கும்போதெல்லாம் அவள் ‘சரி, சரி’ என்பதுபோல் தலையாட்டுவதைச் சொன்னேன். அவர் சிரித்தார். தொலைபேசியில் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பாப்பாவின் காதில் வைத்தேன். புஸ் புஸ் என்று மூச்சு விட்டாள். திரும்ப என் காதில் வைத்தபோது அவரும் அதேபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது ‘பீப்’ என்றது. காசு தீரப்போகிறது.

“வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல கேப்பாங்க” என்றார். “நீ என் இஷ்டம்னு சொல்லிட்ட.”

“உங்க இஷ்டம்னு சொன்னேன். என் இஷ்டம் என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“சரி, கேக்குறேன். உன் இஷ்டம் என்ன?”

இன்னொரு பீப்.

“வந்துடுங்க.”

“வேலை இல்லாம வந்து—”

“தெரியும். வாடகை, பால் மாவு, எல்லாம் தெரியும். இருந்தாலும் வந்துடுங்க.”

“நான் என்ன நெனச்சேன்னா—”

அவ்வளவுதான். கார்டு தீர்ந்தது.

ஜன்னலோரம் போய் நின்றேன். இங்கேயும் மழை பிடித்ததில் பைலிங் இயந்திரம்கூட நின்றுபோயிருந்தது. சொல்லியிருக்கக் கூடாதோ? அவர் அங்கே நிம்மதியாக ஒரு முடிவு எடுத்திருப்பார். நான் போய்க் குழப்பிவிட்டேனோ? உடனே கூப்பிட்டு, ‘நான் சும்மா சொன்னேன், உங்க இஷ்டம்தான்’ என்று மாற்றிவிடத் தோன்றியது. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக்கூடக் கார்டில் காசில்லை.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தேன். அப்போது மணி அடித்தது. அவர் எண்.

ஒன்று. நலம் என்கிறார், எப்போதும் போல, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இரண்டு.

நின்றது.

புதன்கிழமையில் அவர் எந்தப் பஸ்ஸும் ஏறியிருக்க முடியாது. ஹாஸ்டல் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பார். அதனால்தான், இன்னொரு மணி வருகிறதா என்று தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. இரண்டேதான்.

எங்கள் வீட்டில் இந்த வருடம் பேசப்பட்ட மிக முக்கியமான விஷயத்துக்குப் பதில், ஒரு சல்லிக்காசு செலவில்லாமல் வந்து சேர்ந்தது... சிக்கனம் என்றால் இதுதான், துணிக்கடை அக்கா.