நான்கிலேயே நின்ற வயது

திண்டிவனத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் ஜாவா சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிது. காலை வகுப்பில் பதினோரு பேர். பத்துப் பேர் கல்லூரி முடித்த பிள்ளைகள். இன்னொருவர் ஒலக்கூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சாகுபடி. எதையும் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதுவார்.

அன்று கிளாஸ், ஆப்ஜெக்ட் பாடம். பள்ளியில் தரும் வெற்று விண்ணப்பம்தான் கிளாஸ் என்றேன். அதில் பெயர், வயது என்றிருக்கும் கட்டங்கள் ஃபீல்டுகள். ஒரு பிள்ளைக்காக நிரப்பிவிட்டால் அது ஓர் ஆப்ஜெக்ட். ஒன்றில் வயதைத் திருத்தினால் மற்றதில் மாறாது.

"உங்க வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரைப் போடுங்க. ஒரு வருஷம் போச்சுன்னு வெச்சு, ரெண்டு பேர் வயசையும் ஏத்தி ரன் பண்ணுங்க" என்றேன்.

ஒலக்கூர்ப் பெண்ணின் திரையில் மகளின் வயது ஒன்பதிலிருந்து பத்தாகியிருந்தது. மகனுக்கு நான்கு, நான்காகவே நின்றது.

"பாருங்க, இவங்க ஒரு ஆப்ஜெக்ட்டை மறந்துட்டாங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மறக்கலீங்க மேடம். அவன் நாலு வயசோட போயிட்டான். காய்ச்சல்."

நான் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டேன். இன்றும் என்னை உறுத்துவது, சொன்ன வார்த்தையைவிட அப்படி நகர்ந்து போனதுதான்.

வகுப்பு முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். "மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியாது."

"அதெல்லாம் இல்லீங்க. வூட்ல யாரும் அவன் பேரை எடுக்கறதில்ல. எடுத்தா எங்க வூட்டுக்காரரு எழுந்து மல்லாட்டைக் கொல்லிக்குப் போயிடுவாரு. இன்னிக்கு நானே அவன் பேரை டைப் அடிச்சேன். அடிச்சிக்கினு இருக்கறப்ப நல்லா இருந்துச்சு" என்றவர், கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "அந்த வயசை ஏத்தலன்னா புரோகிராம் தப்பாயிடுங்களா?"

"தப்பில்லைக்கா. நல்லாவே ஓடும்."

முதல்முறையாக அவரை அக்கா என்று அழைத்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

படிப்பை முடித்தார். இப்போது விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. நான் அந்தப் பாடத்துக்குப் பஸ்ஸை உதாரணம் சொல்கிறேன்: தடம் எண், இருக்கைகள். பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது. யாரிடமும் அவரவர் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை.