இல்லை என்று சொன்ன கருவி

அவள் எழுதுவதை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. ஊரிலுள்ள எல்லா மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளையும் தேடித் தரும் கருவி ஒன்று இருந்தது. மருத்துவமனை விசாரணை முகப்பின் திரையிலும் போனிலும் பேசும் ஏஐ ஏஜென்ட், விசாரிக்கிறவர்களுக்கு அதை வைத்துத்தான் பதில் சொல்லும். கருவியிடம் எதைக் கொடுத்துக் கேட்க வேண்டும், வரும் விடைக்கு என்ன பொருள் என்று அந்த ஏஜென்டுக்குக் குறிப்பு எழுதுவது அவள் வேலை. முன்பு மிக்ஸிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கையேடு எழுதியவள். கையேட்டைப் படிக்கிறவன் பாதியை நம்புவான், பாதியைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வான். ஏஜென்ட் எழுதியதை எழுதியபடி நம்பும். தன்னை இவ்வளவு நம்பி யாரும் படித்ததில்லை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

அவள் மேலாளருக்குக் கத்தரி என்று பட்டப்பெயர். ஒவ்வொரு கேள்விக்கும் ஏஜென்ட் முழுக் குறிப்பையும் படித்தாக வேண்டும். குறிப்பு நீண்டால் பதில் தாமதமாகும். அதனால் எதைக் கொண்டுபோனாலும் பாதியாக வெட்டித்தான் அனுப்புவார்.

"பேர் தெரியாம சேர்த்தவங்க பேர் போட்டுத் தேடினா வரமாட்டாங்க, சேர்த்த நாளை வெச்சுத் தேடணும்னு ஒரு வரி எழுதியிருக்கீங்களே, அது எதுக்கு? பேர் இல்லாதவனத் தேடிக்கிட்டு யாரும்மா வரப்போறாங்க?"

"சரி சார், எடுத்துடறேன்."

எடுத்துவிட்டாள். மிஞ்சியது இதுதான்: விடை வெறுமையாக வந்தால் அந்த நபர் எந்த மருத்துவமனையிலும் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிய அவள் தம்பி அங்கே போய்ச் சேரவில்லை. வளர்ந்த ஆள்தான். சோடாபுட்டிக் கண்ணாடி போடுவதால் வீட்டிலும் வெளியிலும் அவனுக்குப் பட்டப்பெயர் சோடா. சிறுவயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை தவறினால் வந்துவிடும். அவன் போன் அணைந்து கிடந்தது.

முதல் வேலையாக அவள் போனில் அந்த ஏஜென்டைத்தான் கேட்டாள். பெயரும் வயதும் கொடுத்தாள். உங்கள் தம்பி எந்த மருத்துவமனையிலும் சேர்க்கப்படவில்லை என்று கனிவாகச் சொன்னது.

"ஆஸ்பத்திரில எங்கயும் இல்லம்மா. அடிகிடி ஒண்ணும் படல."

"நல்லாப் பாத்தியாடி?"

"நாங்க செஞ்சதும்மா அது. தப்பாச் சொல்லாது."

அந்தப் பேச்சை நம்பி அவர்கள் ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அலைந்தார்கள். பஸ் நிலையத்தில் தூங்குகிறவர்களின் முகத்துணியை விலக்கிப் பார்த்துத் திட்டு வாங்கினார்கள். "சோடா எங்கயாச்சும் ஊர் சுத்தப் போயிருப்பான்க்கா, வந்துடுவான்" என்று அவன் கூட்டாளி சிரிக்கப் பார்த்தான். அம்மாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் காவல் நிலையத்தில் புகார் எழுதிய போலீஸ்காரர் தலைநிமிராமல் கேட்டார்: "அங்க அடையாளம் சொல்லுங்க."

"இடது புருவத்துல ஒரு தழும்பு..."

பெயரைச் சொன்ன பிறகும் தழும்பை ஏன் கேட்கிறார்கள்? பெயர் சொல்ல முடியாமல் கிடப்பவர்களுக்காக.

அங்கேயே நின்று போனில் ஏஜென்டிடம் கேள்வியை மாற்றிக் கேட்டாள். நேற்று பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்ட ஆண்கள் யார் யார்? ஒருவர் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரி, தலைக்காய வார்டு.

சோடாதான். தலையில் கட்டு, கண்ணாடி இல்லாத முகம். அம்மா கூப்பிட்டதற்கு அசையவில்லை. ரோட்டோரம் விழுந்து கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அடிபட்ட மயக்கம் என்றே நினைத்திருந்தோம் என்றார் டாக்டர்.

"வலிப்பு உண்டுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். "இப்ப மருந்து ஆரம்பிக்கிறோம். முழிக்கிறதப் பொறுத்துதான் எதுவும் சொல்ல முடியும்."

"வீட்டு ஆளுங்க இவ்வளவு நேரம் எங்க போயிருந்தீங்க?" என்றாள் நர்ஸ்.

"இங்க இல்லன்னு சொன்னாங்கம்மா" என்றாள் அம்மா.

"யாரு சொன்னது?"

அம்மா மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

வராந்தாவுக்குப் போய்க் கத்தரியைக் கூப்பிட்டாள். "சார், பேர் தெரியாம சேர்த்த ஒருத்தர எங்கயும் இல்லன்னு சொல்லிடுச்சு. நாம எடுத்த வரிய இப்பவே திரும்பப் போடணும்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா. ஒரு கேஸ்தானே?"

"அந்தக் கேஸ் என் தம்பி சார்."

"மேல பேசிப் பாக்கறேன்" என்றார். மேலே எத்தனை பேரிடம் பேச வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதுவரை அந்தத் திரை சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அவள் படியிறங்கப் போனாள்.

"இவன இப்படி விட்டுட்டு எங்கடி போற?"

"கீழதாம்மா. வந்துடறேன்."

விசாரணைத் திரையின் முன்னால் மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் நின்றிருந்தார். தோளில் துண்டு, வியர்வை காய்ந்த சட்டை. உங்கள் மனைவி எந்த மருத்துவமனையிலும் சேர்க்கப்படவில்லை என்றது திரை. அவர் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசலை நோக்கித் திரும்பினார்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. அது பேர மட்டும்தான் தேடுது. என்னைக்கிலேர்ந்து காணோம்?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்தும்மா."

அவள் நாளைச் சொல்லிக் கேட்டாள். பெயர் தெரியாத பெண் யாரும் சேர்க்கப்படவில்லை என்று அதே கனிவோடு பதில் வந்தது.

"நீங்க வேற மாதிரி கேட்டும் இல்லங்குது. அப்ப நெசமாவே இங்க இல்லையாம்மா?"

அவள் திரையைப் பார்த்தாள். அந்தக் குறிப்பிலிருந்து வேறு எந்தெந்த வரிகளை எடுத்தோம் என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தெரியலண்ணே" என்றாள். "வாங்க, வார்டு வார்டாப் போய்ப் பாத்துடலாம்."